3 சானல் ரிமோட் ஹெலிகாப்டர் (ஹெலி) வீட்டுக்குள்ள நல்லா பறக்குது, வெளியே ரிமோட் கேக்கல. அடுத்து எதை வாங்கலாம்? (ஊட்டி)

ஃபிங்கர்போஸ்ட்_ஊட்டி:
வணக்கம் நண்பர்களே. என்கிட்ட ஒரு குட்டி 3 சானல் ஹெலி இருக்கு, அதாவது ரிமோட்ல மூணு அசைவுதான். மேலும் கீழுமா ரெண்டு ரோட்டார் (சுத்துற விசிறி), இன்ஃப்ராரெட் ரிமோட். ராத்திரி ஹால்ல கயிறு கட்டித் தொங்கவிட்ட மாதிரி அசையாம நிக்குது. மத்தியானம் வாசல்ல விட்டா ஆள் உயரம் ஏறுறதுக்குள்ள ரிமோட் கட் ஆகி தொப்புனு விழுது. ஜன்னல் ஓரமும் இதே கதை. பேட்டரி ஃபுல் சார்ஜ். இதைச் சரி பண்ண முடியுமா, புதுசு வாங்கணுமா? 6,000 ரூபாய் வரைக்கும் போடலாம். 6 சானல் வாங்குன்னு கூட வேலை பாக்குறவர் சொல்றார்.

ரோட்டார்_கோவை:
ஹெலில ரிப்பேர் எதுவும் இல்லைங்க. வெயில்லயும் இன்ஃப்ராரெட் இருக்கு. அது ஹெலியோட சென்சார்ல நேரா விழுந்தா உங்க ரிமோட் சிக்னல் அதுல அமுங்கிப் போயிடும். வெளியே பறக்கணும்னா 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ ரிமோட்தான்.

அப்புறம், 3 சானல்ல பக்கவாட்டுல சாய வழியே கிடையாது. வாலுல இருக்குற சின்ன விசிறி வாலைத் தூக்கும், கொஞ்சம் முன்னாடி போகும், அவ்வளவுதான். லேசான காத்து வந்தாலே அது இழுக்குற பக்கம் போயிடும்.

வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க: எங்க ஓட்டப் போறீங்க, என்ன ஓட்ட ஆசை? அதைப் பொறுத்துதான் மாடல்.

ஃபிங்கர்போஸ்ட்_ஊட்டி:
ரொம்ப நன்றி அண்ணா. வாரநாள்ல ஹால். ஞாயிறு காலையில மைதானம், காத்து அடங்கி இருக்கும்போது. நிஜ ஹெலி மாதிரி திருப்பி, எட்டு போட்டு, சொன்ன இடத்துல இறக்கணும். தலைகீழா பறக்குறதெல்லாம் பிறகு பாத்துக்கலாம்.

கொடை_பறவை:
என் ஓட்டு 6 சானலுக்குத்தான். எக்ஸ்கே கே110 மாதிரி வாங்கினா 6ஜி மோடுல ஸ்டிக்கை விட்டதும் தானா நேராகிடும். பழகினப்புறம் தலைகீழா பறக்குற 3டி மோடுக்கு மாத்திக்கலாம். இறக்கையோட கோணமே மாறுறதால காத்தையும் தாங்கும். எப்படியும் அங்கதான் போகப் போறீங்க, ரெண்டு தடவை எதுக்குச் செலவு?

ரோட்டார்_கோவை:
காத்து விஷயத்துல நீங்க சொல்றது சரி. ஆனா அவர் ஹாலையும் சொல்றாரே. 6 சானல்ல ரோட்டார் முழு வேகத்துல சுத்தும். சோபாவுல தட்டினா இறக்கை, கியர், சின்னச் சின்ன லிங்க்னு வரிசையா போகும். உதிரியும் சேர்த்தா 6,000-க்குள்ள அடங்காது.

அவருக்குப் பொருத்தம் 4 சானல் (பக்கவாட்டுலயும் சாயும்), ஒரே ரோட்டார், ஃபிக்ஸட் பிட்ச் (இறக்கையோட கோணம் மாறாது). டபிள்யூஎல்டாய்ஸ் வி911எஸ் ரகம். எடை கம்மி, விழுந்தாலும் பெரும்பாலும் தப்பிச்சிடும். விழப்போகுதுன்னு தெரிஞ்ச உடனே த்ராட்டிலை (ரோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற இடது ஸ்டிக்) இறக்கிடுங்க. சுத்திக்கிட்டே மோதினாத்தான் சேதம். மிச்சக் காசுல ரெண்டு பேட்டரி, ரெண்டு செட் இறக்கை, ஒரு வால் மோட்டார் வாங்கி வெச்சிடுங்க. முதல்ல தேயுறது வால் மோட்டார்தான்.

ஆல்டிட்யூட் ஹோல்டு இருக்குற மாடல் வேணாம். பாரோமீட்டர் அழுத்தத்தைப் பாத்து உயரத்தை அதுவே பிடிச்சிக்கும், நம்ம இடது கைக்கு வேலை இருக்காது. பின்னாடி 6 சானல் போக அந்தக் கைப்பழக்கம்தான் வேணும்.

ஊட்டிக்குன்னே ஒரு விஷயம். நீங்க 2,240 மீட்டர் உயரத்துல இருக்கீங்க. கடல் மட்டத்தைவிட காத்தோட அடர்த்தி ஏறக்குறைய 20 சதவீதம் கம்மி. அதே எடையைத் தூக்க ரோட்டார் 12 சதவீதம் வேகமா சுத்தணும். கோவையில பாதி ஸ்டிக்ல நிக்குற ஹெலிக்கு அங்க ஸ்டிக்கை இன்னும் தூக்கணும், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். வீடியோவுல சொல்ற நிமிஷக் கணக்கு உங்க ஊர்ல வராது. அதனால கேமரா வெச்ச மாடல் பக்கமே போகாதீங்க, அந்த எடை உங்களுக்கு ஆகாது.

குன்னூர்_தேயிலை:
தம்பி, நீலகிரி ஆளா நானும் ரெண்டு சொல்றேன். குளிர்ல லிப்போ (ஹெலியோட பேட்டரி) சக்தியைக் கொடுக்கவே தயங்கும். பறக்குற வரைக்கும் ஸ்வெட்டர் உள்பையில வெச்சிருங்க. மூடுபனி இறங்கினா ஹெலியைப் பெட்டியில போட்டுடுங்க, போர்டுல ஈரம் போனா அவ்வளவுதான். வெலிங்டன் ராணுவப் பகுதி பக்கமும், காப்புக்காடு பக்கமும் வேணாம். காட்டுமாடு கண்ணுல பட்டா அன்னிக்குப் பறக்கவே வேணாம்.

பச்சை நிற மூக்கு வாங்காதீங்க. தேயிலைச் செடிக்குள்ள விழுந்தா எதிர்லயே இருந்தாலும் தெரியாது. என் ஹெலி வாலுல ரெண்டு சுத்து ஆரஞ்சு டேப் ஒட்டியிருக்கேன், விரல் அகலம்கூட இல்ல, பத்தடியிலயே பளிச்னு தெரியுது.

கொடை_பறவை:
ஹாலைக் கவனிக்காம சொல்லிட்டேன், அப்போ 4 சானலே சரி. வெளிநாட்டுத் தளத்துல மட்டும் ஆர்டர் போடாதீங்க. 2022 பிப்ரவரியில முழு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை வந்துச்சு, ஹெலி பார்சலும் சுங்கத்துல மாட்டலாம். இங்கேயே ஸ்டாக் இருக்குற கடையா பாருங்க, உதிரி கிடைக்குமான்னு கேட்டுட்டு காசு கட்டுங்க.

ஃபிங்கர்போஸ்ட்_ஊட்டி:
அப்போ ஆல்டிட்யூட் ஹோல்டு இல்லாத 4 சானல், 2.4 கிகாஹெர்ட்ஸ், சிவப்பு நிறம். கடைசியா ஒண்ணு: மூக்கு நம்ம பக்கம் இருந்தா இடது வலது குழம்புதே, அதை எப்படிப் பழகுறது?

ரோட்டார்_கோவை:
முதல்ல வால் உங்க பக்கம் இருக்கட்டும், ஒரே இடத்துல நிறுத்துங்க. அது கைக்கு வந்ததும் கொஞ்சம் கொஞ்சமா பக்கவாட்டுக்குத் திருப்புங்க, மூக்கு கடைசியில. மூக்கு உங்களைப் பாக்குறப்ப ஹெலி எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளுங்க, நிமிர்ந்துடும். மெத்தைக்கு மேல பழகினா இறக்கை மிச்சம்.