பெனால்டி பாக்ஸுக்குள் போனதும் பதறும் நம்ம கால்பந்து அணி: நீங்கள் நேரில் பார்த்த ஆட்டம் எது?

வடசென்னை கேலரி:
2024-ல் இந்தியக் கால்பந்து அணி 11 ஆட்டம் ஆடி ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. தோற்றதைவிட, கோலுக்கு முன்னால் பந்து வந்தால் நம்ம ஆட்கள் திணறுவதுதான் எனக்குத் தாங்கவில்லை. நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்.

நான் பார்த்தது கொல்கத்தாவில், ஜூன் 6, குவைத்துடன். கேப்டன் சுனில் சேத்ரியின் கடைசி ஆட்டம் (அன்று அப்படித்தான் நம்பினோம்). கிட்டத்தட்ட 59,000 பேர். இடைவேளை முடிந்த கையோடு நம்ம ரஹீம் அலிக்கு எதிரே கோல்கீப்பர் மட்டும். கோல்கீப்பர் மேலேயே அடித்தார். அப்புறம் கேலரி முழுக்க "சேத்ரி, சேத்ரி" தான். 39 வயதுக்காரர் வந்து காப்பாற்றணும் என்று எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். 0-0.

ஹாங்காங் தமிழன்:
2025 ஜூன் 10, இங்கே கை டாக் அரங்கம், ஹாங்காங்குடன். முதல் பாதியில் நம்ம லிஸ்டன் பந்தை அழகாகக் குறுக்கே தள்ளினார். ஆஷிக் குருணியனுக்கு முன்னால் கோல் காலியாகக் கிடந்தது. எழுந்து கத்தவே ஆரம்பித்துவிட்டேன், பந்து வெளியே போய்விட்டது! அதோடு எங்கள் பக்கம் சத்தமே இல்லை. கடைசியில் 90 நிமிடம் தாண்டிய கூடுதல் நேரத்தில் நம்ம கோல்கீப்பர் விஷால் கைத் பந்தைக் குத்த வந்து எதிராளியை இடிக்க, பெனால்டி, 0-1. மறுநாள் ஆபீஸில் உள்ளூர் நண்பர் ஆறுதல் சொன்னார். கிண்டல் பண்ணியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

மைதானத்து மாஸ்டர்:
பயம், பதற்றம் என்பதை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். சாயங்காலம் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவன் நான். தினமும் கோல் அடித்துப் பழகாதவனுக்கு ஆட்டத்தில் நிதானம் எங்கிருந்து வரும்? ஐஎஸ்எல்-இல் (நம்ம நாட்டு கிளப்புகளின் லீக்) ஒரு அணிக்குக் களத்தில் 4 வெளிநாட்டவர் ஆடலாம். பெரும்பாலான கிளப்பில் அதில் ஒருவர் நடு ஸ்ட்ரைக்கர், அதாவது கோல் அடிக்க நடுவில் நிற்பவர். நம்ம பையன்கள் ஓரத்தில் ஓடி கிராஸ் போடுவதோடு சரி. 2024-25 சீசனில் அதிக கோல் போட்ட இந்தியர் யார் தெரியுமா? அதே சேத்ரி, 40 வயதில், 14 கோல். ஓய்வு பெற்றவரை 2025 மார்ச்சில் திரும்பக் கூப்பிட்டது இதனால்தான்.

மட்காவ் பயணி:
கோவா, 2025 அக்டோபர் 14, சிங்கப்பூருடன். நம்ம சாங்தே தூரத்திலிருந்து அடித்த கோலைப் பார்த்து இன்று ஜெயித்துவிடுவோம் என்று வீட்டுக்கு மெசேஜ் போட்டேன். இடைவேளைக்குச் சற்று முன்னால் சமன், அப்புறம் இன்னொன்று, 1-2. ஆசியக் கோப்பை வாய்ப்பும் போச்சு. முன்னிலையில் இருக்கும்போது பந்தை வைத்து ஆடத் தெரியாமல் முன்னால் உதைத்துக்கொண்டே இருந்தால் வேறென்ன நடக்கும்?

வடசென்னை கேலரி:
மாஸ்டர், ஸ்ட்ரைக்கர் கணக்கு சரி. ஆனால் ஐஎஸ்எல்-இல் கோல்கீப்பர்கள் நம்ம ஆட்கள்தானே? 2024 நவம்பரில் மலேசியாவுடன் நம்ம கோல்கீப்பர் குர்பிரீத் வெளியே ஓடிவந்து பந்தைத் தவறவிட்டு கோல் கொடுத்தார். ஷில்லாங்கில் வங்கதேசத்துடன் முதல் நிமிடமே விஷால் பந்தை நேராக எதிராளி காலில் கொடுத்தார். அதே சீசனில் ஐஎஸ்எல்-இல் மோகன் பகான் கிளப்புக்கு ஆடி தங்கக் கையுறை (சிறந்த கோல்கீப்பர் விருது) வாங்கினவர் அவர். கிளப் சட்டையில் வராத பதற்றம் இந்தியாவின் நீலச் சட்டையில் மட்டும் ஏன் வருகிறது?

மைதானத்து மாஸ்டர்:
கோல்கீப்பர் விஷயத்தில் மாட்டிவிட்டீர்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன்: கிளப்பில் விஷாலுக்கு முன்னால் நின்ற இரண்டு சென்டர் பேக்குகளும் (நடுத் தடுப்பாட்டக்காரர்கள்) வெளிநாட்டவர்.