பெங்களூரில் அனஸ்தீசியா வேலைக்கு சி.வி.: எதை மேலே போடுவது?

திருநெல்வேலிக்காரி:
வணக்கம். எம்.டி. அனஸ்தீசியா முடித்துவிட்டு, பாண்டு காலத்தை (படிப்புக்குப் பின் கட்டாய அரசுப் பணி) ஊர்ப்பக்கம் ஓர் அரசு மருத்துவமனையின் சீமாங்க் மையத்தில் (அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தை சிகிச்சைப் பிரிவு) முடித்தேன். கணவருக்கு ஒயிட்ஃபீல்டில் வேலை, அதனால் இப்போது பெங்களூர் வாசம். அசோசியேட் கன்சல்டன்ட் வேலைக்கு சி.வி. அனுப்பிக்கொண்டே இருக்கிறேன், பதில் இல்லை. ஓரிடத்தில் மட்டும் ஹெச்.ஆர். கூப்பிட்டு, "கார்ப்பரேட் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். சி.வி. ஆறு பக்கம். முதலில் குறிக்கோள், அப்புறம் பத்தாம் வகுப்பிலிருந்து மதிப்பெண்கள், போஸ்டர்கள், போன சி.எம்.இ. கருத்தரங்குகள். கேஸ் விவரம் நாலாம் பக்கத்தில், "எல்லா வகைக் கேஸ்களும்" என்று ஒரே வரி. எதை மாற்றலாம்?

ஜெயநகர் மயக்க டாக்டர்:
டாக்டர், எங்கள் துறைக்கு வரும் சி.வி.க்களை முதலில் பார்ப்பவன் நான். இரண்டு கேஸ்களுக்கு நடுவே, ஓ.டி. காபி அறையில், போனில்தான் பார்க்கிறேன். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: ராத்திரி இரண்டு மணிக்கு இவரைத் தனியாக விட்டுவிட்டு நான் வீட்டில் தூங்கலாமா?

அதற்கான பதில் உங்கள் நாலாம் பக்கத்தில் புதைந்து கிடக்கிறது. சீமாங்க் டூட்டி என்றால் சும்மாவா? எக்லாம்ப்சியாவில் (கர்ப்பகால ரத்த அழுத்தக் கோளாறு) ஃபிட்ஸ் வந்து கிடப்பவருக்கு நடு ராத்திரியில் ஜி.ஏ., அதாவது முழு மயக்கம், கொடுத்திருப்பீர்கள். ரத்தம் வந்து சேருவதற்குள் பி.பி. இறங்கிய பிபிஹெச் (பிரசவத்துக்குப் பின் அதிக ரத்தப்போக்கு) கேஸ்களைப் பார்த்திருப்பீர்கள். "கார்ப்பரேட்" என்று கேட்ட ஹெச்.ஆருக்கு அது புரியாது. துறைத் தலைவருக்குப் புரியும், அவர் கண்ணில் படும்படி எழுத வேண்டும்.

பெயர், ரெஜிஸ்ட்ரேஷன், படிப்பு மூன்றும் நாலு வரியில் முடியட்டும். உடனே கேஸ் அட்டவணை. ஒவ்வொரு வகையிலும் மேற்பார்வையில் செய்தது எத்தனை, தனியாகச் செய்தது எத்தனை என்று பிரித்துக் காட்டுங்கள். மாதிரிக்கு: "சிசேரியன், ஸ்பைனல்: தனியாக 900. அவசர சிசேரியன், ஜி.ஏ.: தனியாக 60. டபுள் லூமன் டியூப்: மேற்பார்வையில் 4." எண்கள் உங்கள் லாக் புக்கிலிருந்து வரட்டும். அந்த 4 (இரண்டு நுரையீரலுக்கும் தனித்தனியே காற்று கொடுக்கும் குழாய்) என்பதில் வெட்கமில்லை. அதை ஐம்பது என்று ஊதினால், இடது பக்க டியூப் சரியாக உட்கார்ந்ததா என்று எப்படிப் பார்ப்பீர்கள் என்று இன்டர்வியூவில் கேட்பேன். கரைனாவுக்கு (மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடம்) கீழே, இடது கிளையில், குழாயின் நீல கஃப் தெரிய வேண்டும் என்று சொல்லத் தெரியாமல் முழித்தவர்கள் உண்டு.

அப்பா பெயர், திருமண நிலை, குறிக்கோள், பத்தாம் வகுப்பு எல்லாம் போகட்டும். இரண்டு பக்கம் தாராளம்.

கே.ஆர்.புரம் வாசி:
அக்கா, ரெஜிஸ்ட்ரேஷன்தான் இங்கே முதல் முட்டுக்கட்டை. தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சிலில் என்.ஓ.சி. வாங்கி, கர்நாடக மெடிக்கல் கவுன்சிலில் பதிந்துவிடுங்கள், எம்.டி.யையும் கூடுதல் தகுதியாக ஏற்றுங்கள். நம்பர் வரும்வரை "விண்ணப்பித்துள்ளேன்" என்று தேதியோடு போடலாம். என்.ஏ.பி.ஹெச். என்ற தர அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில் எந்தெந்த புரொசீஜரை நீங்கள் செய்யலாம் என்று ப்ரிவிலெஜ் எழுதித்தான் கொடுப்பார்கள். அதற்கும் இதே அட்டவணைதான் ஆதாரம். ஏ.சி.எல்.எஸ். (இதய அவசர சிகிச்சைப் பயிற்சி) கார்டு இரண்டு வருடம்தான் செல்லும், காலாவதியானதைப் போடாதீர்கள். மொழிகளை மறக்க வேண்டாம். பி.ஏ.சி.யில் (மயக்கத்துக்கு முந்தைய பரிசோதனை) "ஊட்டா யாவாக மாடித்ரி?" (எப்போது சாப்பிட்டீர்கள்?) என்று கேட்கத் தெரிந்தால் கன்னடம் ஓரளவு என்று தைரியமாகப் போடுங்கள்.

ஃப்ரீலான்ஸ் அண்ணன்:
சி.வி. எல்லாம் சரிதான். ஆனால் எனக்கு வந்த கேஸ்கள் முழுக்க சர்ஜன்களின் போன் வழியாக வந்தவை. ஐ.எஸ்.ஏ. (மயக்க மருத்துவர்கள் சங்கம்) சிட்டி கிளைக் கூட்டத்துக்குப் போய் நாலு பேரிடம் பேசுங்கள். சின்ன நர்சிங் ஹோமில் கூப்பிட்டால், போவதற்கு முன் கேப்னோகிராஃப் (மூச்சில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கருவி) இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வரமாட்டேன் என்று சொல்லிவிடுங்கள்.

திருநெல்வேலிக்காரி:
நன்றி சார், எல்லோருக்கும் நன்றி. லாக் புக்கை எடுத்து எண்ண உட்கார்ந்துவிட்டேன். ஒரு சந்தேகம்: பாண்டு முடிந்ததும் குழந்தைக்காகச் சில மாதங்கள் வீட்டில் இருந்தேன். அதை எழுதவா, விடவா?

ஜெயநகர் மயக்க டாக்டர்:
எழுதுங்கள். "மகப்பேறு விடுப்பு", எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, அவ்வளவுதான், காரணம் விளக்க வேண்டாம். தேதிகளில் ஓட்டை விட்டால்தான் நாங்கள் வேறு எதையாவது கற்பனை செய்வோம். வேலையில் சேர்ந்ததும் முதல் சில நாட்கள் கூட ஒருவர் இருக்கும்படி டூட்டி போடச் சொல்லிக் கேளுங்கள், கொடுப்பார்கள். ரெஃபரன்ஸுக்கு உங்கள் ராத்திரி கேஸ்களை நேரில் பார்த்த மகப்பேறு டாக்டர் ஒருவரின் பெயரும் இருக்கட்டும். போடுவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், ஏனென்றால் நான் நிச்சயம் போன் பண்ணுவேன்.