சிந்துவெளிச் செய்தி முதலில் படப் பத்திரிகைக்கு ஏன் போனது?

மேட்டுத்தெரு:
ஹரப்பாவில் 1921, மொகஞ்சதாரோவில் 1922 என்று தோண்ட ஆரம்பித்தாயிற்று. ஆனால் ஜான் மார்ஷல் அதை உலகத்துக்குச் சொன்னது 1924 செப்டம்பர் 20 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' வார இதழில். தொல்லியல் துறையின் தலைவர் ஆய்விதழை விட்டுவிட்டு, ராஜா ராணி படம் போடும் பத்திரிகையைத் தேடிப் போவானேன்? விளம்பர ஆசையா?

ஓட்டுச்சில்லு:
கொஞ்சம் ஆசையும் இருந்திருக்கும், தம்பி. ஆனால் அவர் கையில் இருந்த முத்திரைகளின் காலம் பிடிபடவில்லை. இதே மாதிரி வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்க, ஆயிரக்கணக்கானோர் புரட்டும் படப் பக்கத்தைவிட நல்ல இடம் ஏது? அதன் ஆசிரியர் புரூஸ் இங்ராமுக்கும் தொல்லியல் என்றால் உயிர்.

நான் நூலகத்தில் வேலை பார்த்தவன். எங்களிடம் அந்த வருடத்து பைண்டு வால்யூம் இருந்தது. தூக்க இரண்டு கை வேண்டும். ஆசையாகத் திறந்தால், மார்ஷல் கட்டுரையை யாரோ பிளேடு போட்டு உருவியிருந்தார்கள். தையலோரம் விரலகலத் தாள்தான் மிச்சம். அதனால் கேள்வியைப் படிக்காமல் பதிலைத்தான் முதலில் படித்தேன். செப்டம்பர் 27 இதழிலேயே சேஸ் என்ற அறிஞரின் கடிதம்: ஈரானின் சூசாவில் கிடைத்த, பழைய ஈலாம் நாட்டு எழுத்துப் பலகைகளோடு இவை ஒத்துப்போகின்றன என்று. ஒரே வாரம்! அக்டோபர் 4இல் பிரிட்டிஷ் மியூசியத்தின் கேட், ஸ்மித் இருவரும் பழைய ஈராக்கின் சுமேரியப் பொருள்களோடு ஒப்பிட்டு எழுதினார்கள். ஈராக்கில் கிஷ் மேட்டைத் தோண்டிய மெக்கேயும், இப்படி ஒரு முத்திரை தனக்கும் கிடைத்ததாக மார்ஷலுக்கு எழுதினார். அந்த ஊர்ப் பொருள்களின் காலம் ஏற்கெனவே தெரியும். அப்படித்தான் சிந்துவெளியின் காலமும் கி.மு. மூன்றாம் ஆயிரத்துக்குப் போனது. எழுத்து ஒற்றுமை என்ற வாதம் பின்னால் நிற்கவில்லை, காலக் கணிப்பு நின்றது. மார்ஷலின் மூன்று தொகுதிப் பெருநூல் வந்ததோ 1931இல்தான்.

உளிச்சத்தம்:
ஐயா, ரொம்பவும் புகழாதீர்கள். அதே பத்திரிகைதான் 1922இல், நெப்ராஸ்காவில் கிடைத்த ஒரே ஒரு பல்லை வைத்துக்கொண்டு ஆதிமனித ஜோடியையே வரைந்து போட்டது. ஓவியர் ஃபாரஸ்டியே. அந்தப் பல்லுக்குப் பெயர் வைத்த ஆஸ்பார்னுக்கே படம் பிடிக்கவில்லை. 1927இல் பார்த்தால் அது பெக்கரி என்ற பன்றி மாதிரி விலங்கின் பல்!

ஓட்டுச்சில்லு:
அதுவும் நடந்ததுதான், மறுக்கவில்லை. அங்கே வந்தது ஓவியம். இங்கே வந்தது முத்திரையின் போட்டோ: திமிலில்லாத ஒற்றைக்கொம்பு மாடு, முதுகுக்கு மேலே வரிசையாகக் குறிகள். சூசாப் பலகையைப் பார்த்துப் பழகிய கண் உடனே நின்றிருக்கும்.

மேட்டுத்தெரு:
சரி ஐயா, புரிந்தது. அந்தப் பக்கங்கள் இப்போது யார் வீட்டில் இருக்கின்றனவோ.

ஓட்டுச்சில்லு:
எந்த வரவேற்பறையிலோ ஃப்ரேமுக்குள் தொங்கும். மகராசன் அக்டோபர் 4 இதழைக் கவனிக்கவில்லை, என் அதிர்ஷ்டம்.