சித்தப்பாவின் பழைய லேப்டாப்புக்கு எந்த லினக்ஸ்?

குழு: நம் குடும்பம், பினாங்கு

சித்தப்பா (ஜெலுத்தோங்): தினேஷ், அந்தக் கறுப்பு லேப்டாப் அலமாரியிலேயே கிடக்கிறது. திறந்தால் எழுந்து வருவதற்குள் நான் தேநீர் குடித்து முடித்துவிடுவேன். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போடலாம் என்று நீ முன்பு சொன்னாய். தேடிப் பார்த்தேன், ஏகப்பட்ட பெயர்கள் வருகின்றன. எதைப் போடுவது?

மாமா (பட்டர்வொர்த்): மச்சான், கொம்தார் பக்கம் போனால் நல்ல செகண்ட்ஹேண்ட் லேப்டாப் கிடைக்கும். எதற்கு இந்தச் சிரமம்?

தினேஷ்: மாமா, கொஞ்சம் பொறுங்கள். கட்டுரை தட்டச்சு செய்ய, செய்தி படிக்க, எப்போதாவது யூடியூப். சித்தப்பாவுக்கு இவ்வளவுதான் தேவை. சித்தப்பா, பெயர்களை விடுங்கள். பிராசஸர் என்ன, ரேம் எவ்வளவு? அதை மட்டும் முதலில் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் ஐகான்மேல் வலது கிளிக், அப்புறம் புராப்பர்ட்டீஸ்.

சித்தப்பா: கோர் 2 டுயோ, 2 ஜிபி. விண்டோஸ் 7. அதன் கீழே 32-பிட் என்று போட்டிருக்கிறது.

கவிதா: 32-பிட்டா? அப்படியென்றால் பழைய கணினிக்கான லேசான பப்பி லினக்ஸ் போடலாமே அண்ணா.

தினேஷ்: இல்லை கவி. 32, 64 என்பது ஒரே நேரத்தில் கையாளும் தரவின் அளவு. அந்த 32 உள்ளே இருக்கும் விண்டோஸைச் சொல்கிறது, சிப்பை, அதாவது பிராசஸரை, அல்ல. கோர் 2 டுயோ எல்லாமே 64-பிட். நடுவில் அந்த 2 இல்லாமல் வெறும் கோர் டுயோ என்றிருந்தால்தான் 32.

தினேஷ்: இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 32-பிட்டை ஒவ்வொருவராகக் கைவிட்டு வருகிறார்கள். லினக்ஸில் குரோம் 2016-லேயே நிறுத்திவிட்டது. லுபுண்டு என்ற லினக்ஸ் 2019-இல் வந்த 19.04 பதிப்பு முதல் தருவதில்லை. 2025 ஆகஸ்டில் டெபியன் என்ற லினக்ஸின் 13-ஆம் பதிப்பு வந்தபோது 32-பிட் பிசிக்கு இன்ஸ்டாலரே இல்லை. பயர்பாக்ஸின் வழக்கமான பதிப்புகளில் 32-பிட் லினக்ஸுக்கு 144-தான் கடைசி. 64-பிட் சிப் இருக்கும்போது 32-பிட் டிஸ்ட்ரோ, அதாவது லினக்ஸ் வகை, போட்டால், நல்ல வீட்டை விட்டுவிட்டு இடிக்கப் போகிற வீட்டுக்குக் குடிபோவதுபோல ஆகிவிடும்.

கவிதா: என் தோழியிடம் ஆட்டம் என்270 போட்ட குட்டி நெட்புக் இருக்கிறது. அதற்கு?

தினேஷ்: அது 32-பிட் மட்டும்தான். ஆன்டிஎக்ஸ் 23 போடலாம். டெபியன் 12-ஐ வைத்துச் செய்தது, 32-பிட் பதிப்பும் உண்டு. குறிப்பு எழுத, பாட்டு கேட்க நன்றாகவே உதவும்.

மாமா: இன்டெல் 1972-இல் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை திறந்தது. என் நண்பர்கள் பலர் அங்கே வேலை பார்த்தவர்கள். அந்தப் பழைய சிப்புக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்றால் எனக்கும் சந்தோஷம்தான் லா. சரி, மேலே சொல்.

தினேஷ்: நன்றி மாமா. டிஸ்ட்ரோ எவ்வளவு லேசாக இருந்தாலும் பிரௌசர் லேசாகாது. இரண்டு மூன்று டேப் திறந்து யூடியூப் ஓடவிட்டால் 2 ஜிபி திணறும். அதனால் ரேமை 4 ஜிபி ஆக்கி, ஹார்ட்டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுகிறேன். எந்த டிஸ்ட்ரோவும் தராத வேகத்தை எஸ்எஸ்டி தரும்.

கவிதா: பப்பி முழுவதும் ரேமிலேயே ஓடுமே, அது வேகம் இல்லையா?

தினேஷ்: வேகம்தான், எனக்கும் பிடிக்கும். 2003-இல் ஆஸ்திரேலியாவில் ஒருவர் தொடங்கியது, இன்னும் நிற்கிறது. கெட்டுப்போன கணினியிலிருந்து கோப்புகளை மீட்க நான் அதைத்தான் எடுப்பேன். ஆனால் நாம் செய்வதைத் தனியாக ஒரு சேவ் ஃபைலில் வைக்கும். வழக்கமாக எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராகவே ஓடும். சித்தப்பா தினமும் தனியாக உட்கார்ந்து எழுத அது வேண்டாம்.

தினேஷ்: லுபுண்டுவும் நல்லதுதான். அதில் பயர்பாக்ஸ் ஸ்னாப் என்ற தனிப் பொதியாக வருவதால் பழைய கணினியில் முதல் முறை திறக்க நேரம் எடுக்கும். மின்ட் லினக்ஸில் எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான திரை அமைப்பு உள்ள பதிப்பு 4 ஜிபியில் ஓடும். என் தேர்வு எம்எக்ஸ் லினக்ஸ் 25, எக்ஸ்எஃப்சிஇ. டெபியன் 13 அடித்தளம், அதனால் பல வருடத்துக்குக் கவலை இல்லை. அதில் பேனல், அதாவது விண்டோஸின் டாஸ்க்பார் போன்ற பட்டை, இடது ஓரத்தில் செங்குத்தாக நிற்கும். எம்எக்ஸ் ட்வீக் என்ற கருவியில் கீழே கொண்டுவந்து வைத்துத் தருகிறேன், விண்டோஸ் பழகிய கைக்கு அதுதான் சுலபம்.

சித்தி: அதில் பேங்க் கணக்கு பார்க்கலாமா தினேஷ்?

தினேஷ்: அப்டேட் வந்துகொண்டிருக்கும் லினக்ஸில் தாராளமாகப் பார்க்கலாம் சித்தி. இப்போதுள்ள விண்டோஸ் 7-இல் மட்டும் வேண்டாம். மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே அதற்கு ஆதரவை நிறுத்திவிட்டது.

சித்தப்பா: முக்கியமான கேள்வி. தமிழ்? எனக்குத் தமிழ்99 விசைப்பலகைதான் பழக்கம். முரசு அஞ்சல் மென்பொருளில் எழுதி வந்தவன். நம் நாட்டில் முத்து நெடுமாறன் உருவாக்கியது, அதை விட்டுவிட்டு வேறு பழக என்னால் ஆகாது.

தினேஷ்: நீங்கள் விரல் மாற்ற வேண்டாம் சித்தப்பா. ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள், அதனுடன் எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பு போட்டால் அதே தமிழ்99 கிடைக்கும். எழுத்துருவுக்கு நோட்டோ தமிழ். லிப்ரே ஆபீஸில் அழகாகத் தெரியும்.

சித்தப்பா: பள்ளியில் இருந்தபோது எழுதிய கேள்வித்தாள்கள், நாடகங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பழைய எழுத்துருவில் எழுதியவை. அவை தெரியுமா?

தினேஷ்: அவை இப்போது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தியவை. எழுத்துரு இல்லாமல் திறந்தால் வெறும் கிறுக்கலாகத் தெரியும். பயப்படாதீர்கள், கோப்பு அப்படியேதான் இருக்கும். விண்டோஸை அழிக்கும் முன்பே ஃபான்ட்ஸ் கோப்புறை முழுவதையும் பிரதி எடுத்துக்கொள்வோம். லினக்ஸிலும் அதே எழுத்துருவை வைத்தால் படிக்கலாம். அப்புறம் நானும் கவியும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றித் தருகிறோம். உங்கள் நாடகங்கள் போனிலும் திறக்க வேண்டும், தேடினால் கிடைக்க வேண்டும். எனக்கு இந்த லேப்டாப்பைவிட அதுதான் பெரிது.

கவிதா: நான் வருகிறேன். அந்த ஔவையார் நாடகத்தில் நானும் நடித்திருக்கிறேன்!

மாமா: அழித்தபின் வைஃபை வரவில்லை என்றால்?

தினேஷ்: அழிக்கும் முன்பே தெரிந்துவிடும் மாமா. இன்ஸ்டால் செய்யாமல் பென்டிரைவிலிருந்தே லைவ்வாக ஓட்டிப் பார்ப்பேன். வைஃபை, சத்தம், திரை வெளிச்சம், மூடித் திறந்தால் எழுகிறதா, எல்லாம் சரியாக இருந்தால்தான் இன்ஸ்டால். சித்தப்பா, லேப்டாப்பை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, அடியில் உள்ள சின்ன மூடியைத் திறந்து ரேம்மேல் ஒட்டியிருப்பதைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

சித்தப்பா: எடுத்தேன். பிசி2-5300எஸ் என்று இருக்கிறது. 1 ஜிபி, இரண்டு துண்டு.

தினேஷ்: அது டிடிஆர்2 வகை ரேம். 2 ஜிபியில் இரண்டு துண்டு தேடி வாங்கிவிடுகிறேன். சனிக்கிழமை வருகிறேன். அதற்குள் உங்கள் கோப்புகளை எக்ஸ்டர்னல் டிஸ்கில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

சித்தப்பா: இன்றிரவே தொடங்குகிறேன்.