யூகேஜி முடியப் போகிறது, எழுத்துக் கூட்டவே வரவில்லை

மீனுஅம்மா (கோவை):
மகளுக்கு ஐந்தரை வயது. 'வாசிப்பதில்லை, வீட்டில் கவனிக்கவும்' என்று டைரியில் மிஸ் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பையன் இவளைவிட இரண்டு மாதம் சின்னவன், பேப்பரில் தலைப்புச் செய்தியைக் கூட்டிப் படிக்கிறான். இவள் பால் பாக்கெட்டைப் பார்த்தால் 'ஆவின்' என்கிறாள். அதையே சிலேட்டில் எழுதிக் காட்டினால் முழிக்கிறாள். கதை என்றால் உயிர். நான் புத்தகத்தில் விரல் வைத்தால் மட்டும் 'வயிறு வலிக்குது'. விஜயதசமிக்கு அரிசியில் எழுதவைத்ததோடு சரி, அப்புறம் நீ உட்காரவைத்தாயா என்று மாமியார் கேட்கிறார். டியூஷன் போடலாமா?

சிலேட்டுக்குச்சி:
அரசுப் பள்ளியில் இருபத்திரண்டு வருடம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள் நான். டியூஷன் வேண்டாம். பால் பாக்கெட்டை இப்போது படமாகப் பார்க்கிறாள். பெரும்பாலான பிள்ளைகள் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள்.

247 எழுத்து என்று நாம்தான் மலைக்கிறோம். 'ட', 'ப' எல்லாம் வெறும் கோடு, கோலமாவில் போட்டால் ஒரு நாளில் பிடித்துக்கொள்வார்கள். படுத்துவது கொம்பு. 'கெ'யில் கண்ணுக்குக் கொம்பு முதலில் படுகிறது, வாயில் 'க்' முதலில் வருகிறது. 'கொ'வில் இரண்டு பக்கமும் காவல். என் வகுப்பில் ஒருவன், "டீச்சர், இது முன்னாடி வந்து நிக்குது, ஏன் பின்னாடி சொல்லணும்?" என்று கேட்டான். இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. போதாததற்கு, வீட்டில் 'பூன', புத்தகத்தில் 'பூனை'.

அந்தக் கேள்வி கேட்ட பையன் ஒன்றாம் வகுப்பு முழுக்க வாசிக்கச் சொன்னால் வாயே திறக்கவில்லை. இரண்டாம் வகுப்பில், அரையாண்டு லீவு முடிந்து வந்தவன், சத்துணவுக்கூடச் சுவரைப் பார்த்து, "நாளைக்கும் சாம்பார் சாதமா?" என்று முகம் சுளித்தான். யாரும் கேட்காமல் அவன் படித்த முதல் வார்த்தை அதுதான்.

பின்லாந்தில் ஏழு வயதில்தான் ஒன்றாம் வகுப்பே. நம் ஊரில் 2022-ல் வந்த அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் எட்டு வயதுக்குள் படிக்க எழுத வர வேண்டும் என்பதுதான் இலக்கு. விரலை எடுத்துவிட்டு ராத்திரியில் கதை மட்டும் படியுங்கள். 'இது என்ன எழுத்து' என்று கேட்காதீர்கள்.

ஈரோட்டுக்காரன்:
டீச்சர், மன்னிக்கவும். 'தானா வரும்' என்றுதான் எங்களிடமும் சொன்னார்கள். என் மகனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு, என்று மூன்றாம் வகுப்பில்தான் தெரிந்தது. இரண்டு வருடம் அடியும் திட்டும் வாங்கினான்.

சிலேட்டுக்குச்சி:
நியாயம் தம்பி, நான் சொல்லியிருக்க வேண்டும். மீனுஅம்மா, கண், காது இரண்டையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். அப்புறம், 'கட்டு' என்றால் அதே ஓசையில் வேறு சொல் சொல்கிறாளா என்று விளையாட்டாகக் கேளுங்கள். ஓசை பிடிபட்டால் இப்போதைக்குப் பதற வேண்டாம். ஒன்றாம் வகுப்பு முடியும்போதும் அது வரவில்லை, எழுத்தும் தங்கவில்லை என்றால் நிபுணரிடம் காட்டுங்கள்.

மீனுஅம்மா:
நேற்று விரல் வைக்காமல் படித்தேன். தூக்கத்தில் ஒரு பக்கத்தைத் தள்ளிவிட்டேன் போல, "முதல இன்னும் வரலியே" என்று அவளே திருப்பினாள். வயிற்று வலி இல்லை. 'கட்டு' கேட்டேன். "தட்டு, லட்டு, குட்டு" என்றாள். குட்டு என்றால் என்ன என்றேன். "புக்கு படிக்கலன்னா மிஸ் வெப்பாங்களே, அது."

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகிறேன்.