கையில் 1,20,000 ரூபாய்: ஃபுல் பாடி செக்கப் கேம்ப் நடத்தலாமா, வேண்டாமா?

காட்பாடிக்காரன்:
எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் ஆடித் திருவிழாக் கணக்கு முடித்ததில் 1,20,000 ரூபாய் மிச்சம். ஒரு லேப்காரர்கள் வந்து ஆளுக்கு 1,500 ரூபாயில் 60 டெஸ்ட், 80 பேருக்கு, ஞாயிற்றுக்கிழமை மண்டபத்திலேயே ரத்தம் எடுத்துக்கொண்டு போய் மறுநாள் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் அனுப்பிவிடுகிறோம் என்கிறார்கள். தலைவருக்கு ஒரே குஷி, பேனர் டிசைன் வரைக்கும் போய்விட்டார். எனக்குத்தான் உறுத்துகிறது. போன வருஷம் வேறொரு கேம்ப்பில் என் மாமியாருக்குச் சுகர் 240 என்று எழுதிக் கொடுத்தார்கள். போன வாரம் ஆணி கழன்று தினசரி காலண்டர் விழுந்தபோது அதன் பின்னாலிருந்து அந்தச் சீட்டும் விழுந்தது. ஒரு வாரம் காபிக்குச் சர்க்கரை போடாமல் குடித்தார், அதோடு சரி. டாக்டரிடம் போகவே இல்லை. நாங்களும் கேட்கவில்லை, அது எங்கள் தப்பு. இந்தப் பணத்துக்கு உண்மையில் எத்தனை பேருக்கு நன்மை என்று எப்படிக் கணக்குப் போடுவது?

பாலாறு2:
சமூக மருத்துவம் படிக்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான ரத்தப் பரிசோதனைகளில் ஆரோக்கியமான நூறு பேரை எடுத்து, நடுவில் வரும் 95 பேரின் அளவைத்தான் ‘நார்மல்’ என்று வைக்கிறார்கள். மீதி 5 பேருக்கு ஒன்றுமே இல்லாவிட்டாலும் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்து விழும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் எடுத்தாலே, நன்றாக இருக்கிற ஆளுக்கும் ஒன்றாவது தப்பாக வர 64 சதவீத வாய்ப்பு. உங்கள் லேப் 60 என்கிறது! திங்கட்கிழமை பாதித் தெரு பயந்துபோய் ஸ்கேனுக்கு ஓடும், அந்தச் செலவு சங்கத்துக் கணக்கில் வராது, அவரவர் பையிலிருந்துதான் போகும்.

தென்கொரியாவில் நடந்தது இதைவிடப் பெரிது. அங்கே 1999-இல் அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. அதில் இல்லாத தைராய்டு ஸ்கேனையும் கொஞ்சம் காசு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிகள் கூடவே எடுத்தன. 2011-இல் தைராய்டு புற்றுநோய் என்று சொல்லப்பட்டவர்களின் விகிதம் 1993-இல் இருந்ததைப் போல 15 மடங்கு. அந்த நோயால் இறப்பவர்களின் விகிதமோ அசையவே இல்லை. பலருக்குச் சுரப்பியை எடுத்தாயிற்று, ஆயுசுக்கும் மாத்திரை. பொதுவான ஹெல்த் செக்கப்பையே எடுத்துக்கொண்டால், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் குழு 2019-இல் 17 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது, சுமார் 2.5 லட்சம் பேர். மொத்த இறப்பும் குறையவில்லை, புற்றுநோய் இறப்பும் குறையவில்லை.

கணக்கு கேட்டீர்கள். பேச்சுக்கு, 80 பேரில் 12 பேருக்குச் சுகர் என்று வைத்துக்கொள்வோம். 8 பேருக்கு ஏற்கெனவே தெரியும், புதிதாக 4 பேர். தலைக்கு 30,000 ரூபாய். அந்த நாலு பேரில் ஒரு வருஷம் கழித்தும் மாத்திரை சாப்பிடுகிறவர் ஒருவர்தான் என்றால், அந்த ஒருவருக்காக 1,20,000. எத்தனை பேருக்குக் குத்தினோம் என்பதால் வகுக்காதீர்கள், லேப்காரர் நோட்டீஸில் போடுவது அதைத்தான்.

ஆம்பூர்_தம்பி:
அப்போ டெஸ்ட்டே வேண்டாமா? என் மச்சானுக்கு இப்படி ஒரு கேம்ப்பில்தான் பிரஷர் 190 என்று தெரிந்தது. இன்றைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு ஷூ கம்பெனிக்கு நாள் தவறாமல் போகிறார். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து சதவீதம் பேசுவது சுலபம்.

பாலாறு2:
அண்ணா, உங்கள் மச்சான் விஷயத்தில் கேம்ப் வேலை செய்திருக்கிறது, சந்தோஷம். ஆனால் அதைக் கண்டுபிடித்தது 60 டெஸ்ட் இல்லை, கையில் கட்டும் பட்டை. அப்புறம் யாரோ அவரை மாத்திரை வாங்க வைத்திருக்கிறார்கள். நான் கேட்பதும் அதைத்தான்.

கே.வி.குப்பம்_சிஸ்டர்:
இருபது வருஷமாக ஊர் ஊராகப் போகிற வேலை என்னுடையது. வேலூர் சி.எம்.சி.யின் கிராம நலப் பிரிவான ருஷா 1977-இலிருந்து வேலை செய்கிற பகுதி இது, கேம்ப் எங்களுக்குப் புதிது இல்லை. கண்டுபிடிப்பது அரை நாள் வேலை, அவர்களைத் திரும்ப வர வைப்பதுதான் வருஷம் முழுக்க. மக்களைத் தேடி மருத்துவத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள், பி.எச்.சி.யில் மாத்திரைக்குக் காசு இல்லை. அரசு சும்மா செய்வதையே நீங்கள் 1,500 கொடுத்து ஏன் வாங்க வேண்டும்?

பணம் செலவழித்தே ஆக வேண்டும் என்றால் பலன் நிரூபணமானதைப் பாருங்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் தொடங்கி 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு ஒரே ஒரு தடவை கர்ப்பப்பை வாயில் வினிகர் மாதிரியான அமிலத்தைத் தடவி, வெள்ளையாக மாறுகிறதா என்று நர்ஸுகளே பார்த்தார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இறப்பு 35 சதவீதம் குறைந்தது. பெரிய மெஷின் எதுவும் இல்லை. தேவைப்பட்டவர்களுக்கு அங்கேயே, அப்போதே, மாறிய திசுவை உறைய வைத்துச் சிகிச்சையும் கொடுத்துவிட்டார்கள், “அடுத்த வாரம் வா” என்று அனுப்பியிருந்தால் பாதிப் பேர் வந்திருக்க மாட்டார்கள். கேரளாவில் புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களின் வாயை வெறும் கண்ணால் பார்த்துச் சொன்னதிலேயே வாய்ப் புற்றுநோய் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. குடியாத்தம் பக்கம் பீடி சுற்றுகிறவர்கள் எத்தனை பேர், அவர்களில் யாராவது ஒருவர் வாயையாவது டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறோமா? பக்கத்து ராணிப்பேட்டையிலும் திருப்பத்தூரிலும் 2023 கடைசியில் அரசே மார்பகம், கர்ப்பப்பை வாய், வாய் மூன்றுக்கும் பரிசோதனை தொடங்கியது. அந்தப் பக்கம் உறவுக்காரப் பெண்கள் இருந்தால் போகச் சொல்லுங்கள். முதல் தடவை கூச்சப்படுவார்கள், கூட ஒருத்தி போனால் வந்துவிடுவார்கள்.

காட்பாடிக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று மாமியாரை பி.எச்.சி.க்குக் கூட்டிப் போனேன். 262. மாத்திரை ஆரம்பித்தாயிற்று, என்னைத் திட்டிக்கொண்டேதான் வந்தார். தலைவரை இன்னும் முழுசாக மாற்ற முடியவில்லை, பேனர் மட்டும் இருக்கட்டும் என்கிறார். நல்ல பிரஷர் மெஷின் இரண்டு, சுகர் ஸ்ட்ரிப், அப்புறம் தெருவிலேயே ஒரு பெண்ணுக்கு மாதச் சம்பளம் கொடுத்து, அளவு கூட இருப்பவர்கள் வீட்டுக்கு மாதம் ஒருமுறை போய் மாத்திரைப் பட்டையை எண்ணிப் பார்க்கச் சொல்லலாம் என்று ஒரு திட்டம். ஒரு வருஷத்துக்கு இந்தப் பணம் தாங்கும் என்று தோன்றுகிறது. சிஸ்டர், எங்கள் தெருவில் பலருக்குக் கை பருமன். பிரஷர் மெஷினுக்குப் பட்டை தனியாக வாங்க வேண்டுமா?

கே.வி.குப்பம்_சிஸ்டர்:
ஆமாம் தம்பி, பெரிய சைஸ் ஒன்று கட்டாயம். சின்னதை இழுத்துக் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும். மாடி ஏறி வந்தவரை ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார வைத்துவிட்டு அளவு எடுங்கள், ஒருமுறை அளவு அதிகமாக வந்தால் அன்றைக்கே முடிவு கட்டாமல் இன்னொரு நாளும் பாருங்கள்.