பிடித்த வேலை தொண்டாகுமா? உங்கள் அனுபவம் என்ன?

கும்பகோணத்திலிருந்து:

மாதத்தில் ஒரு ஞாயிறு நண்பர்களோடு உழவாரப் பணிக்குப் போகிறேன். பெரும்பாலும் ஆள் நடமாட்டம் குறைந்த பழைய சிவன் கோயில்கள். மண்ணைக் கிளறுவது, களை பிடுங்குவது என்றால் சின்ன வயதிலிருந்தே எனக்கு அப்படி ஓர் ஆசை. அப்பர் சிலையைப் பார்த்திருப்பீர்கள், தோளில் உழவாரம் சாய்ந்திருக்கும். அதே கருவியை நானும் கையில் பிடிக்கிறேன் என்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

போன மாதம் மதில் இடுக்கில் ஓர் அரசங்கன்று. பறவை எச்சத்தில் விழுந்த விதை. மேலாக வெட்டிவிட்டால் அடுத்த மழைக்கு இரண்டாகத் தழைக்கும், அப்புறம் கல்லையே நகர்த்திவிடும். குருக்களிடம் கேட்டுக்கொண்டு, காரை உதிராமல் சுற்றிலும் சுரண்டிச் சுரண்டி முழு வேரையும் எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. எழுந்திருக்கவே மனம் வரவில்லை. வீட்டில் சொன்னால் மாமா கேட்கிறார்: "உனக்குப் பிடிச்சதைத்தானே செஞ்சே? அது எப்படித் தொண்டாகும்? கஷ்டப்பட்டுச் செஞ்சாத்தான் புண்ணியம்." எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்கெல்லாம் எப்படி?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து:

தம்பி, உங்கள் மாமா சொன்னதை நானும் நம்பியவள். ஓய்வு பெற்ற புதிதில் ஓர் அன்னதானக் குழுவுக்குக் கணக்கு எழுத ஒப்புக்கொண்டேன். கணக்கு எனக்கு ஆகவே ஆகாது. ஆகாததைச் செய்தால்தான் தொண்டு என்று இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். நன்கொடை தர வந்தவர்களிடம் ரசீதை நீட்டினேனே தவிர, ஒரு நல்ல வார்த்தை பேசியதில்லை. சாப்பிட வந்தவர்களில் ஒரு முகம்கூட இன்று நினைவில் இல்லை. வருத்தத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

எனக்குப் பிடித்தது பூக்கட்டுவது. ஆச்சி கற்றுக்கொடுத்தது. வாழைநாரைத் தண்ணீரில் போட்டு, நகத்தால் மெல்லிசாகக் கிழித்து, இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு, ஒரு சுற்று, ஓர் இழுப்பு. இழுப்பு கூடினால் காம்பு அறுந்துவிடும், குறைந்தால் பூ நழுவிவிடும். எவ்வளவு இழுக்க வேண்டும் என்பது விரலுக்குத் தெரியும், வாயால் சொல்ல வராது. கணக்கை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, காலையில் திண்ணையில் உட்கார்ந்து எங்கள் தெரு பஜனை மடத்து ஆண்டாளுக்குக் கட்ட ஆரம்பித்தேன்.

பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கணவர் போய்ப் பதினொரு வருடம். பூக்காரம்மா தெருவுக்குள் நுழைந்தாலே எழுந்து உள்ளே போய்விடுவார். ஒரு மார்கழியில் அரிவாள்மனையில் பட்டு என் கட்டைவிரலில் காயம். வாசலில் நின்றிருந்தவரிடம், "அக்கா, இன்னிக்கு மட்டும் கட்டித் தாங்களேன்" என்றேன்.

"நான் தொடலாமாம்மா?" என்று கேட்டார்.

எனக்குத் தொண்டையை அடைத்துவிட்டது. "இந்த ஊர்ல இருந்துக்கிட்டு இப்படிக் கேக்கலாமாக்கா?" என்றேன். ஆண்டாள் தான் சூடிப் பார்த்த மாலையைத்தானே பெருமாளுக்குக் கொடுத்தாள்? இன்றைக்கும் அவளுக்குச் சாற்றிய மாலைதான் புரட்டாசி பிரம்மோற்சவத்துக்கு இங்கிருந்து திருப்பதி போகிறது, சித்திரையில் ஆற்றில் இறங்கும் அழகருக்கு மதுரை போகிறது. பூவைத் தொடக் கூடாதவர் என்று ஒருத்தரை ஒதுக்கிவைத்தது நாம்தான், அவன் இல்லை.

உட்கார்ந்தார். முதல் முழத்துக்குக் கை நடுங்கியது. இரண்டாவது முழத்தில் என்னைவிட நெருக்கமாகக் கட்டினார், நார் இருப்பதே வெளியில் தெரியவில்லை. கல்யாணத்துக்கு முன்பு கூடை கூடையாகக் கட்டிக் கொடுத்து வீட்டுக்குச் சம்பாதித்தவராம். இத்தனை வருடம் ஒரே சுவர் பக்கத்தில் இருந்தும் எனக்குத் தெரியாமல் போயிற்று.

அன்றிலிருந்து தினமும் வருகிறார். அவர் வீட்டு நந்தியாவட்டையும் கூடவே வருகிறது. பேச்சில் பாதி பூவைப் பற்றி, பாதி அவர் வீட்டுக்காரரைப் பற்றி. ஒருநாள் கட்டி முடித்த பிறகு அரைச் சாண் மல்லிகை மிஞ்சியது. "நான் எடுத்துக்கட்டுமா?" என்று வாழை இலையில் சுருட்டிக்கொண்டு போனார். என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

கும்பகோணத்திலிருந்து:

அம்மா, இதை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை பணி முடிந்ததும் சாமிக்கு நாங்களே மாலை கட்டிப் போடலாம் என்று இருக்கிறோம். நார் எவ்வளவு நேரம் ஊற வேண்டும்?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து:

நேரக் கணக்கு வேண்டாம் தம்பி. மடக்கினால் முறியாமல் வளைய வேண்டும், அவ்வளவுதான். கட்டும்போது காய்ந்தால் விரலை நனைத்துத் தடவிக்கொள்ளுங்கள்.

நாகூரிலிருந்து:

எனக்குச் சமையல்தான் உயிர். அதிலும் பெரிய தேக்சாவில் ஊருக்கே ஆக்குவது என்றால் தூக்கம்கூட வராது. ரமலான் மாதம் முழுக்க மதியத்தோடு கடையை மூடிவிட்டு எங்கள் தெருப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சப் போய்விடுவேன். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, கடைசியில் தேங்காய்ப்பால். அடிபிடிக்காமல் துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். அஸர் தொழுகை முடிந்ததும் வாசலில் தூக்குவாளிகள் வரிசை கட்டிவிடும். எந்தத் தெரு, எந்தச் சாமி என்று நாங்கள் கேட்பதில்லை.

இதில் ஒரு சங்கடம், உப்பு. நானும் நோன்பு வைத்திருப்பேன், கூட நிற்பவர்களும் நோன்பு. மணத்தை வைத்தே மற்றதையெல்லாம் சொல்லிவிடலாம், உப்பை மட்டும் சொல்ல முடியாது. சில வருடங்களுக்கு முன்பு ஒருநாள் அளவு தப்பிவிட்டதோ என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, மாரியம்மன் கோயில் தெருப் பாட்டி ஒருவர் தூக்குவாளியோடு சீக்கிரமே வந்துவிட்டார். "என்ன தம்பி, முகம் வாடிக் கிடக்கு?" என்றார். சொன்னேன். "இதுக்கா? நான் என்ன நோன்பா?" என்று கையை நீட்டினார். உள்ளங்கையில் ஒரு கரண்டி ஊற்றினேன். ஊதிக் குடித்துவிட்டு, "இன்னும் ரெண்டு கை போடு" என்றார்.

அன்று முதல் எங்கள் கஞ்சிக்கு உப்பு பார்ப்பது அவர்தான். மூன்றரை மணிக்கு வந்துவிடுவார். அவர் தலையசைத்த பிறகுதான் மூடி போடுவோம்.

போன ரமலானில் முழங்கால் வலியால் பாட்டியால் நடக்க முடியவில்லை. டம்ளரில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு நானே அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்தபடியே குடித்தார். "அரைக் கை குறையுது. ஓடு, ஜனம் வந்துடும்" என்றார்.